ஒதீல் கெர்வெல் நிறுத்திய இடம்

அம்மா இறந்து ஐந்து மாதம் கழித்து, அவளை இரண்டாவது தடவை பெட்டிக்குள் வைக்கப் பாரிஸிலிருந்து ஒரு பையன் வந்தான்.

இந்தத் தடவை அட்டைப் பெட்டி. தேவாலய ஆர்கன் கலைஞர் ஒதீல் கெர்வெல் என்ற பெயரில் இதுவரை வந்த இசைத்தட்டுகள் அத்தனையையும் சிடியாக்கி, ஒன்றாக அடுக்கி, மேலே அவளுடைய நாற்பது வயதுப் படத்தைப் போட்டு வெளியிடப் போகிறார்களாம். பையன் பெயர் கிலேன். இசைத்தட்டு நிறுவனத்தில் இதற்கென்றே அவனை வைத்திருந்தார்கள். ஏப்ரல் மாதத்தில் கழுத்தைச் சுற்றிப் போர்வை அகலத்துக்கு ஒரு கம்பளித் துண்டு. எங்கள் ரூவான் ஊர் மழையைப் பற்றி யாரோ அவனை நன்றாகப் பயமுறுத்தி அனுப்பியிருக்க வேண்டும்.

என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டான். நான் ஒரு கிழவருக்குக் காதுப் பக்கம் கம்பியை வளைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் போகிற வரைக்கும் பொறுமையாக நின்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க இழப்பு எங்க இழப்பு மேடம்" என்றான்.

"அப்படியா? பாதியை நீங்க எடுத்துக்குங்க," என்றேன்.

பாவம், அவனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவனிடம் கோபித்துக்கொண்டு அப்படிச் சொல்லவில்லை. அம்மா போனதிலிருந்து எனக்குக் கோபமும் இல்லை, துக்கமும் இல்லை, நிம்மதியும் இல்லை. பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுவார்களே, அந்தக் கன்னம் மாதிரி இருந்தேன். தொட்டால் தெரியும், வலிக்காது. அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியே அம்மா" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். பாராட்டாகச் சொல்லவில்லை.

கிலேன் ஒரு சின்னக் கருவியையும் காதில் மாட்டும் ஒலிபெருக்கியையும் எடுத்து மேஜையில் வைத்தான்.

"தொகுப்போட கடைசி சிடியில ஒரே ஒரு பதிவு மட்டும் போடப் போறோம் மேடம். அது ஸ்டுடியோக்காரங்க எடுத்தது இல்ல. உங்க கோவில்ல வோதியேன்னு ஒருத்தர்..."

"தெரியும். ரயில்வேக்காரர். சந்தைப் பைக்குள்ள கேசட் ரெக்கார்டர் வச்சிருப்பார்."

"அவர்தான். ரொம்ப யோசிச்சு யோசிச்சு எங்களுக்கு ஒரு பிரதி அனுப்பினார். உங்க தம்பியோட அடக்கப் பூசையில அம்மா வாசிச்சது."

அவனே என் காதில் மாட்டிவிட்டான்.

ரெமி என் தம்பி. இருபத்திரண்டு வயதில், மழைநாளில், நதிக்கரைச் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி இறந்துபோனான். முப்பது வருஷம் ஆகிறது. அப்பா அதற்கும் முன்பே போய்விட்டார், ஆகவே வீட்டில் மிஞ்சியது நானும் அம்மாவும்தான். அடக்கத்தன்று காலையில் சமையலறையில் அம்மா காப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நான் மேல போறேன்" என்றாள். மேலே என்றால் சேன் விக்தோர் கோவிலின் ஆர்கன் மாடம்.

"இன்னிக்கு ஒரு நாள் கீழ என் பக்கத்துல உக்காரும்மா. வேற யாராவது வாசிக்கட்டும்," என்றேன்.

"யாரு?" என்று கேட்டாள்.

உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். யார் வாசிப்பார்கள்? அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். முன்வரிசையில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் என் கைப்பையை வைத்துக்கொண்டேன், காலியாகத் தெரியக்கூடாது என்று.

காதில் இப்போது அந்த வாசிப்பு. சவப்பெட்டியின் மேல் தீர்த்தம் தெளிக்க ஊர்ஜனம் வரிசையில் போகும்போது வாசித்தது. எழுதிவைத்த எதையும் பார்க்காமல் மனோதர்மமாக வாசிப்பதில் அம்மாவை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். அப்படி வாசிப்பதைப் பதிவு செய்ய யாரையும் விடமாட்டாள். வாய்விட்டுப் பேசியதை எல்லாம் ஜாடியில் போட்டு மூடிவைப்பீர்களா என்பாள். இதில் முதலில் மெல்லிய குழாய்கள் மட்டும் பேசின. அதன் கீழே இன்னொன்று சேர்ந்தது. கனம் ஏறிக்கொண்டே போனது. காலால் மிதிக்கும் கட்டைகளில், அடிவயிற்றிலிருந்து, அடக்கத்துக்குப் பாடும் பழைய லத்தீன் பாட்டின் மெட்டு எழுந்தது. நாலு சுரம் வந்தது. நின்றது. எல்லாமே நின்றது. கல் தூண்களுக்கு நடுவே எதிரொலி போய்ச் சேர்ந்தது. யாரோ இருமினார்கள். அதோடு முடிந்தது.

கிலேனுக்குக் கண் கலங்கியிருந்தது. எத்தனையாவது தடவை கேட்கிறானோ.

"தாயோட கை துயரத்துல உடைஞ்சு போன இடம். சிடியோட வர்ற சிற்றேட்டுல இப்படித்தான் எழுதியிருக்கேன். நாற்பது வருஷப் பதிவுகள்ல இவங்க உடைஞ்சது இந்த ஒரு இடத்துல மட்டும்தான்."

"அது சிவப்பு விளக்கு," என்றேன்.

"என்னது?"

சொன்னேன். ஆர்கன் வாசிப்பவருக்குப் பலிபீடம் முதுகுப் பக்கம். வாசல் கதவுக்கு மேலே, குழாய்க் காட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே வரிசை முடிந்ததா, சாமியார் எழுந்துவிட்டாரா என்று என்ன தெரியும்? அதற்காகக் கோவில் வேலைகளைக் கவனிக்கும் கோவில்பிள்ளை ஜெர்வேயின் பொறுப்பில் ஒரு பொத்தான். பொருள்வைப்பறைக் கதவோரம் இருக்கும். அவர் அமுக்கினால் அம்மாவின் முன்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். ஒரு தடவை எரிந்தால், முடித்துக்கொள். இரண்டு தடவை எரிந்தால், உடனே நிறுத்து. ஆயர் சொன்னாலும் கேட்காத என் அம்மா அந்த விளக்குக்கு மட்டும் கட்டுப்படுவாள். எத்தனையோ கல்யாணத்தில் பாதி வாசிப்பில் வெட்டிவிட்டு எழுந்து வந்திருக்கிறாள்.

"ஜெர்வே ரெண்டு தடவை அமுக்கியிருப்பார். வெளிய சவ வண்டி நின்னுட்டிருந்தது. அவ்வளவுதான். நீங்க கைக்குட்டையை உள்ள வைங்க."

கிலேன் வெளிறிப்போனான். ஆனால் முட்டாள் இல்லை அவன். கேட்டான்:

"அப்போ பெட்டி வெளிய போகும்போது ஏன் வாசிக்கல மேடம்? அதுக்குத் தனியா வாசிப்பாங்களே."

"நான் பெட்டிக்குப் பின்னாடி நடந்துக்கிட்டிருந்தேன். இசை விமர்சனம் பண்ணிக்கிட்டில்ல."

"தப்பா நினைக்காதீங்க. விளக்குதான்னா இதை எடுத்துடறேன். பொய்யை அச்சடிக்க மாட்டேன். ஆனா ஒரு தடவை வோதியேகிட்ட விசாரிச்சுச் சொல்றீங்களா? நான் கூப்பிட்டா அவர் போனே எடுக்கல."

அவன் போன பிறகு கடையில் வேறு ஆள் இல்லை. கண்ணாடிகளைத் துடைத்து வரிசையில் வைத்தேன். பெட்டி வெளியே போகும்போது அவள் வாசிக்கவில்லை என்பது எனக்கு அதுவரை நினைவுக்கே வந்ததில்லை. செருப்புச் சத்தம் மட்டும் நினைவு இருந்தது. கல்லறைக்கு அவள் வந்து சேர்ந்தபோது குழியில் பாதி மண் போட்டாகிவிட்டது. ஆர்கன் வாசிக்கப் போடுகிற மெல்லிய தோல் செருப்பை மாற்றாமல் சேற்றில் நடந்து வந்தாள். என் பக்கத்தில் நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் நான் பார்த்ததில்லை. அப்புறம் ஞாயிறுதோறும் மதியம் அவள் வீட்டில் சுட்ட கோழி சாப்பிட்டோம். மழையைப் பற்றிப் பேசினோம். ரெமியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு என் தம்பிக்காக அம்மா ஒரு நிமிஷமாவது உடைந்தாளா இல்லையா. கிலேன் சொல்வது சரி என்றால் உடைந்திருக்கிறாள். நான் சொன்னது சரி என்றால் விளக்கைப் பார்த்து நிறுத்தியிருக்கிறாள். முப்பது வருஷமாக நான் சொன்னதே சரி என்று இருந்துவிட்டேன். வோதியேயும் விளக்கு என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது, பெட்டியை மூடிவிடலாம்.

மறுநாள் மதியம் கடையை அடைத்துவிட்டு சோத்வில் போனேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ரயில்வேக்காரர்கள் குடியிருக்கும் பகுதி. வோதியேவுக்கு எண்பத்தாறு வயது. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் "வந்துட்டியா" என்றார், நேற்று சொல்லிவைத்த மாதிரி.

"போன் ஏன் எடுக்க மாட்டேங்கறீங்க?"

"அந்தப் பையன் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான். அவனுக்கு ஒரு சிவப்பு விளக்கு வேணும். உள்ள வா, ஈரத்தோட நிக்காத."

காப்பி போட்டார். என்னைக் கேட்காமலே அதில் எங்கள் பக்கத்து ஆப்பிள் சாராயம் கல்வாதோஸை ஊற்றினார். சுவர் முழுக்கச் செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டிகள். பெட்டி முழுக்கக் கேசட்டுகள். எங்கள் கோவிலின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அங்கே இருந்தன. அம்மாவின் வாசிப்பும், மதாம் கார்லியேவின் இருமலும், சாமியாரின் அறிவிப்புகளும்.

"இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாமலா எடுத்தீங்க?"

"தெரியாமலா? அவங்களுக்குத் தெரியாம அந்தக் கோவில்ல எலி தும்ம முடியுமா? முதல் வருஷமே மாடிப்படியில என்னை நிறுத்தினாங்க. நான் செத்தேன்னு நினைச்சேன். 'மொசியே வோதியே, உங்க பை பெரிய குழாய்களுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு, சத்தம் பிளக்கும், நாலு வரிசை முன்னால வைங்க, மேல இருக்கற லீக்ஸ் தழைக் கட்டையும் எடுத்துடுங்க, சரசரங்கும்'னாங்க. அதுக்கப்புறம் இருபது வருஷம் அதே நாற்காலி. வாசிக்கறதுக்கு முன்னாடி, மேல மாட்டியிருக்கற, பின் வரிசை நாற்காலிங்க மட்டும் தெரியற சின்னக் கண்ணாடியில என் பை இருக்கான்னு பார்த்துப்பாங்க."

இதைக் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும். யாரையும் பதிவு செய்ய விடமாட்டேன் என்று பேட்டிக்குப் பேட்டி சொன்னவள். காப்பியைக் குடித்துவிட்டு நேராகக் கேட்டேன்.

"ரெமி அடக்கத்தன்னிக்கு ஜெர்வே விளக்கை ரெண்டு தடவை போட்டார், இல்லையா?"

"இல்லையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஜெர்வே வரிசையில எனக்கு முன்னாடி நின்னுட்டிருந்தார். தொப்பியைக் கையில வச்சிக்கிட்டு. உன் தம்பி சின்னப் பையனா இருந்தப்போ மணி அடிக்கக் கத்துக்குடுத்தவர் அவர். பொத்தான் கிட்ட ஆளே இல்ல. வரிசை பாதிகூட முடியல பிளாந்தீன். அவங்க நிறுத்தின பிறகு நாங்க எல்லாரும் சத்தமே இல்லாம தண்ணி தெளிச்சோம். உனக்கு நினைவில்லையா?"

நினைவில்லை. தூக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு எது நினைவிருக்கும்? ஆனால் மரத்துப்போன இடத்தில் ஏதோ லேசாக அசைந்தது. ஆக, விளக்கு எரியவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவளாகவே நிறுத்தியிருக்கிறாள். அந்தக் கம்பளித் துண்டுக்காரன் சொன்னதுதான் சரி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்கக்கூடாது. அவ்வளவு நாள் கழித்து என் அம்மா அழுதாள் என்று யாரோ வந்து சொன்ன மாதிரி இருந்தது.

"அப்போ அந்தப் பையன் எழுதினது சரி. அவனுக்குச் சொல்லிடறேன்," என்று எழுந்தேன்.

வோதியே எழுந்திருக்கவில்லை. கோப்பையைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினார்.

"உக்காரு. அவனுக்கு நான் அனுப்பினது பாதிதான்."

"மீதி?"

"தீர்த்தம் தெளிக்க ஆரம்பிக்கறப்போதான் கேசட்டைத் திருப்பிப் போட்டேன். அவங்க நிறுத்தினதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பையை நாற்காலியிலேயே விட்டுட்டு உங்க எல்லார் பின்னாடியும் கல்லறைக்கு வந்துட்டேன். சாயங்காலம் போய்த்தான் எடுத்தேன். அது பாட்டுக்கு ஓடியிருக்கு."

"போடுங்க," என்றேன்.

"நிச்சயமா?"

"மொசியே வோதியே, போடுங்க."

அவருடைய பழைய டெக்கில் கேசட் சுற்றத் தொடங்கியது. இருமல். காலடிச் சத்தம், நிறையக் காலடிகள். அதில் ஒன்று என்னுடையது. நாற்காலிகள் கல்தரையில் உராய்ந்தன. ரொம்ப நேரம் கழித்துப் பெரிய கதவு மூடியது, ஜெர்வேயின் சாவிக்கொத்து குலுங்கியது. பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால், ஆர்கனுக்குக் காற்று ஊதும் மோட்டாரின் உறுமல் மட்டும் இருந்தது. அவள் அதை அணைக்கவில்லை.

அப்போது மேலேயிருந்து அம்மாவின் குரல். உரக்க, நிதானமாக.

"ரெமிக்காக. ரெண்டாவது டேக்."

எனக்கு அந்தக் குரல் தெரியும். சின்ன வயதில் அவள் இசைத்தட்டுப் பதிவுக்குப் போகும்போது எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போவாள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கோவில் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருப்போம். மேலேயிருந்து பாட்டின் பெயரும் எத்தனையாவது டேக், அதாவது எத்தனையாவது முறை வாசிப்பு என்பதும் வரும். கீழே ஒலிப்பதிவுக்காரர் அதைக் குறித்துக்கொள்வார். ஒரு சுரம் பிசகினால் நிறுத்துவாள். திட்டமாட்டாள், பெருமூச்சும் விடமாட்டாள். பாட்டில் நாலு அடி பின்னால் போய், அடுத்த எண்ணைச் சொல்லி, மறுபடி வாசிப்பாள். சரியாக வந்ததை வெட்டி எடுத்து முன்னதோடு ஒட்டிவிடுவார்கள். ஒட்டு இருக்கும் இடம் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இப்படித்தான் ஒதீல் கெர்வெல் ஒரு தப்பும் செய்யாதவள் என்று பெயர் வாங்கினாள்.

வாசித்தாள். காலியான கோவிலில், நிறுத்திய இடத்துக்கு நாலு அடி பின்னாலிருந்து. கால்கட்டையில் அந்த மெட்டு எழுந்தது. நாலாவது சுரத்தில் கால் பிசகியது. நின்றது.

"ரெமிக்காக. மூணாவது டேக்."

புரிந்துவிட்டது. அவள் உடையவில்லை. தப்பு விட்டிருக்கிறாள். தப்பு விட்டதும் பழக்கப்படி நிறுத்தியிருக்கிறாள். எல்லாரும் வெளியே போய், கதவு மூடி, சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, அடுத்த டேக் எடுக்கிறாள். வோதியேயின் பை நாற்காலியில் இருப்பதைக் கண்ணாடியில் பார்த்திருப்பாள். அந்த நேரத்தில் நாங்கள் ரெமியைக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தோம். நான் கல்லறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாமியார் எனக்காக இரண்டு ஜெபம் கூடுதலாகச் சொல்லி நேரத்தை ஓட்டினார். அவள் இங்கே ஒட்டுப் போட உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று முழுசாக வந்தது, அது கோபம். கோப்பையைச் சுவரில் எறியலாம் போல இருந்தது.

"நிறுத்துங்க," என்றேன்.

"இன்னும் கொஞ்சம்தான்."

"நிறுத்துங்கன்னேன். பிள்ளையைப் புதைக்க வராம டேக் எடுத்துக்கிட்டிருக்கா! இதை நான் இன்னும் கேக்கணுமா?"

"கேளு," என்றார் வோதியே. அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. கையை மட்டும் டெக்கின் மேல் வைத்துக்கொண்டார், நான் எழுந்து அணைத்துவிடுவேன் என்று.

"ரெமிக்காக. நாலாவது டேக்." அதே இடம், அதே கால், நின்றது. பத்து வயதில் பியானோவை விட்டுவிட்ட எனக்கே தெரியும், அது கஷ்டமான இடமே இல்லை. இடது கால், வலது கால், மறுபடி இடது கால். ஆறு மாதம் படித்த பிள்ளை மிதித்துவிடும்.

அடுத்து மோட்டார் மட்டும் உறுமியது. ரொம்ப நேரம். பிறகு குரல்.

"ரெமிக்காக."

அதற்கு மேல் இல்லை. எண் வரவில்லை. காத்திருந்தேன். வோதியேயும் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார், எத்தனை தடவை கேட்டிருப்பாரோ.

"ரெமிக்காக," என்றாள் மறுபடி. "மூணாவது..." நிறுத்தினாள். "இல்ல. ஆறு." மறுபடி நிறுத்தினாள். "தெரியல."

அம்மா எண்ணிக்கையைத் தவறவிட்டுவிட்டாள்.

யாருக்கும் இது ஒரு விஷயமாகத் தெரியாது. பதிவு நாட்களில் அவளோடு இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மூன்று நாள் தொடர்ந்து பதிவு நடக்கும், நூற்றுக்கணக்கில் டேக் போகும். கீழே குறித்துக்கொள்பவர் தப்பாகச் சொன்னால் மேலேயிருந்து திருத்துவாள். காய்ச்சலோடு வாசித்தபோதும் எண் தப்பியதில்லை. அந்தக் குரல் காலிக் கோவிலில், ஒருவரும் இல்லாத கீழ்த்தளத்தைப் பார்த்து, "தெரியல" என்றது. அந்த ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

பிறகு வாசித்தாள். இந்தத் தடவை நாலு அடி பின்னாலிருந்து இல்லை. முதலிலிருந்து. மெல்லிய குழாய்கள், அதன் கீழே இன்னொன்று. அந்த இடம் வந்தது. கால் விழுந்தது. கடந்துவிட்டாள். கடந்து, மெட்டு முழுவதும் எழுந்து, மேலே எல்லாக் குழாய்களும் திறந்து, வோதியேயின் சின்ன ஒலிபெருக்கி தாங்காமல் அதிர்ந்தது. இது எங்கே போய் முடியப் போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டொக் என்று கேசட் தீர்ந்தது.

"மீதி?"

"அவ்வளவுதான். திருப்பிப் போட நான் அங்க இல்லையே."

மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. வோதியே கேசட்டை எடுத்து அதன் டப்பாவில் போட்டு என் முன்னால் வைத்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மாடிப்படியில நின்னாங்க. 'ஓடிச்சா?'ன்னு கேட்டாங்க. ஓடிச்சுன்னேன். கேசட்டை நீட்டினேன். வாங்கிக்கல. 'பிளாந்தீன் தேடி வந்தா அவகிட்ட குடுங்க. நீங்களா போய்க் குடுக்காதீங்க'ன்னாங்க."

"இப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாதே. எப்படித் தேடி வருவேன்?"

"நானும் அதையேதான் கேட்டேம்மா. 'அன்னிக்கு ஏன் லேட்டா வந்தேன்னு என்னைக் கேப்பா, அப்போ சொல்லிக்கறேன்'னாங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் படியில என்னைப் பார்ப்பாங்க. நீ வந்தியான்னு வாய்விட்டுக் கேக்க மாட்டாங்க. நான் தலையை ஆட்டுவேன், இல்லன்னு. மேல ஏறிப் போயிடுவாங்க."

நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சுட்ட கோழியை வெட்டிக்கொண்டே, ஏன் லேட்டு என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! நான் மழையைப் பற்றிப் பேசினேன். அவளும், ஆமாம், இந்த வருஷம் மழை அதிகம்தான் என்றாள்.

வோதியே என் தோளில் கை வைக்கப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கேசட்டைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கடையிலிருந்து கிலேனைக் கூப்பிட்டேன்.

"விளக்கு எரியல. அந்தப் பதிவைப் போட்டுக்குங்க."

"அப்போ நான் எழுதினது சரிதானே மேடம்? துயரத்துல கை..."

"அந்த வரியை எடுத்துடுங்க."

"வேற என்ன எழுதறது?"

"முதல் டேக்னு போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

தொழில் தெரிந்தவன், உடனே பிடித்துக்கொண்டான்.

"அப்போ ரெண்டாவது டேக் இருக்கா?"

"இருக்கு."

"முழுசா வாசிச்சிருக்காங்களா? மேடம், அது மட்டும் கிடைச்சா இந்தத் தொகுப்பே வேற மாதிரி ஆயிடும். நான் இன்னிக்கே ரயில் பிடிச்சு வரேன். ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுவீங்களா?"

"முடியாது கிலேன்."

"ஏன் மேடம்?"

"அதுல அம்மா எண்ணிக்கையை விட்டுட்டாங்க," என்றேன். "வெளிய தெரிஞ்சா அவங்களுக்குப் பிடிக்காது."

அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. இன்னும் ஏதோ கேட்டான். நான் கோட்டுப் பைக்குள் இருந்த கேசட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கடை வாசலில் ஆள் வந்து நின்றதால் போனை வைத்துவிட்டேன்.